கலிங்கு அடைக்கும் நாள்

அத்தியாயம் பதினொன்று

பாக்கியநாதனைத் தங்கமான மனிதர் என்று சில வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். மணப்பாறையிலிருந்து ஓர் அம்மாள், இப்படி ஒரு புருஷன் கிடைக்க லூர்துராணி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றே எழுதிவிட்டார். நல்லவர்தான், யார் இல்லை என்றது? அதட்டிப் பேசத் தெரியாது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து மனைவி கையில் கொடுப்பார். அண்ணன் சவரிராயன் உட்கார் என்றால் உட்காருவார், எழு என்றால் எழுவார். இந்த வாரத்தைப் படித்துவிட்டு அந்த அம்மாள் மறுபடியும் எழுதட்டும், பார்க்கலாம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லூர்துராணி திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருக்கும் பாக்கியநாதனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்கார அம்மாள் குழாயடியிலிருந்து வாளியை எடுக்கும்வரை குடத்தோடு நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்துப் போயிற்று. சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்பதை அவள் ஆசை என்று சொல்லிக்கொள்வாள். நான் அதை வெறி என்பேன்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, லால்குடி தாண்டி, மாவடிப்பேட்டை என்று ஒரு சின்ன ஊர். பெரிய ஏரி. கரையைச் சுற்றி மாந்தோப்பு, கொய்யாத் தோப்பு, கீழே ஏரிப் பாசனத்தில் நெல்வயல். பாக்கியநாதன் பிறந்த ஊர் அதுதான். அண்ணன் சவரிராயன் அங்கேயே பெண் எடுத்து, மாமனாரின் தோப்பையும் வயலையும் ஆண்டுகொண்டு சௌகரியமாக இருக்கிறார். தோப்பில் ஏரியை ஒட்டிய துண்டைத்தான் தம்பிக்கு விற்றார்.

ஏரியை ஒட்டி இருக்கிறதே, தண்ணீர் ஏறாதா என்று லூர்துராணி கேட்காமல் இல்லை. டீச்சர் அல்லவா! துருவித் துருவிக் கேட்டாள். “ஏரி நெரம்பி வழியறப்பவே வந்து பாரேன். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார் சவரிராயன். போன வருஷம் ஐப்பசியில் வந்து பார்த்தாள். ஏரி தளும்பிக் கலிங்கில் வழிந்துகொண்டிருந்தது. தோப்பின் கடைசி வரிசையில் நிற்கும் நாவல் மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம், அவ்வளவு காய்ந்த தரை. பக்கத்தில் நின்ற புருஷனிடம், “என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அவர்.

தையில் லால்குடி ரிஜிஸ்தர் ஆபீஸிலேயே பத்திரம் முடிந்தது. அந்த நாவல் வரிசைக்குப் பக்கத்தில் வீடும் எழும்பிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை லால்குடிச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கப் போகிறார். பாலக்கரைச் சனங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மாளைக்கூட வீம்புக்காகக் கூப்பிட்டிருக்கிறாள் லூர்துராணி.

இனி அதற்கு முந்தின நாள், சனிக்கிழமைக்கு வருவோம்.

பாக்கியநாதனுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் வந்து சேர்கிறேன் என்றார். லூர்துராணி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், தரையில் சிந்திக் கிடக்கும் சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவ. வந்து பார்த்தால் வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளேயிருந்து ஆட்கள் மூட்டை மூட்டையாகத் தூக்கி வருகிறார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சகாயம்மாள் நின்றாள். சவரிராயனின் சம்சாரம், லூர்துராணிக்கு ஓரகத்தி. ஆளில்லாத வீடுதானே என்று தன் விதைநெல்லையும் புளியையும் தேங்காயையும் இந்த ஐப்பசியில் அங்கே கொண்டுவந்து அடைத்துவிட்டவள் அவள்தான்.

“என்னக்கா, காலங்காத்தாலேயே?”

“ஒண்ணுமில்லடி. சாமானை எடுத்துட்டுப் போயிடலாம்னு.”

“அந்தச் சின்ன ரூம்ல ஒரு ஓரமாத்தானே கெடக்கு? மந்திரிச்சு முடியட்டுமேக்கா. என்ன அவசரம்?”

“நல்லா இருக்குடி. அப்புறம் ஈரத்துல ஊறினா யாரு அள்ளிக் காயவைக்கிறது? விதைநெல்லாச்சே.”

“ஈரமா? மழைதான் விட்டுப்போச்சே. கூரை ஓடும் புதுசு. ஒரு சொட்டு ஒழுகலையே!”

சகாயம்மாள் அடுத்த மூட்டையைக் காட்டினாள். வண்டிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு லூர்துராணிக்குப் பிடிக்கவில்லை. பின்வரிசையில் சிரிக்கும் பெண்களை இருபது வருஷமாகப் பார்த்தவள் அவள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

“அக்கா, எங்கேருந்து ஈரம் வரும்? எங்கிட்டச் சொல்லுங்க.”

“ஏன்டி என்னைப் புடிச்சு உலுக்குற? இன்னைக்குக் கலிங்கு அடைக்கிறாங்க. அது தெரியாமலா வீட்டக் கட்டினே?”

“கலிங்கு அடைக்கிறதுன்னா என்னக்கா?”

சகாயம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லையே என்பதில் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை, மகராசி.

திருச்சிக்காரர்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், ஆகவே சொல்கிறேன். ஏரி நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர் வெளியேறக் கரையில் கட்டியிருக்கிற கல்வரம்புதான் கலிங்கு. அதன்மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் அந்தக் கல்லிடுக்குகள் வழியாக வழிந்து போகும். அடைமழை ஓய்ந்து இனிக் கரைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும், கார்த்திகைக் கடைசியில் ஊர் கூடி அந்த இடுக்குகளைப் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் அடைத்துவிடுவார்கள். வாய்க்கால் வரத்து இன்னும் நிற்காததால் ஏரியில் மளமளவென்று முழங்கால் உயரத் தண்ணீர் கூடுதலாகத் தேங்கும். அறுவடை வரை வயலுக்கு அதுதான் உயிர். வருஷா வருஷம் நடக்கிற காரியம்.

வழிகிற ஏரியைத்தான் லூர்துராணி பார்த்தாள். அடைத்த ஏரியைப் பார்க்கவில்லை. பங்குனியில் அவள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வந்தபோது தண்ணீர் இறங்கித் தரை வெடித்துக் கிடந்தது.

“எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டாள்.

“வீட்டுக்குள்ளயா? கரண்டைக்காலுக்கு மேல இருக்கும், முழங்காலுக்குள்ளதான். மாசியில எறங்கிடும்டி. அதுவரைக்கும் பாலக்கரையிலேயே இருந்துட்டு வாயேன், என்ன கொறைஞ்சு போச்சு?”

“மாமா இந்த நாவமரமெல்லாம் புள்ளைங்க திங்கட்டும்னு வச்சதுன்னாரே.”

“புள்ளைங்களுக்கா! மாமரம் தண்ணியில நிக்காது, அழுகிடும்னுதான் எங்கப்பா இந்த வரிசைக்கு நாவல் வச்சாரு. மரத்தப் பாத்தாலே தெரியுமே.”

லூர்துராணி சுவரைப் பார்த்தாள். நேற்று அடித்த வெள்ளை பளிச்சென்று இருந்தது. உள்ளே இருப்பது செங்கல்லும் மண் சாந்தும். சுண்ணாம்புச் சாந்து எதற்கு வீண் தண்டம், இந்த ஊர் மண் இரும்பு மாதிரி என்று சொன்னவரும் சவரிராயன்தான். மாசி வரை தண்ணீரில் நின்றால் அந்த மண் சாந்து என்ன ஆகும்? கேட்பதற்குக்கூட ஆள் வேண்டாம். சுவர் உட்கார்ந்துவிடும்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏரிக்கரையில் ஏறினாள். ஓடினாள் என்றே சொல்லவேண்டும்.

கலிங்கில் பாதி இடுக்குகள் அதற்குள் அடைபட்டிருந்தன. மடை பார்க்கும் காத்தமுத்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மண்கட்டிகளை வாங்கி வாங்கி அமுக்கினான். கரையில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் குடையை ஊன்றிக்கொண்டு சவரிராயன், கல்யாணப் பந்தலில் பெண்வீட்டுக்காரர் மாதிரி.

“மாமா, நிறுத்தச் சொல்லுங்க!”

“அடடே, ராணியா? வா வா. வீடெல்லாம் கழுவியாச்சா?”

“நான் எதுக்குக் கழுவணும்? நீங்கதான் ஏரியையே உள்ள விட்டுக் கழுவப் போறீங்களே!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சவரிராயன் சிரிக்கவில்லை.

“இது ஊர்க் காரியம்மா. பொம்பளைங்க இங்க வந்து நிக்கக்கூடாது. வீட்டுக்குப் போ, சாயங்காலம் பேசிக்கலாம்.”

“சாயங்காலம் வீடு இருக்குமா பேசறதுக்கு?”

அவள் செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். அடைபடாத பக்கமாகக் கலிங்கின்மேல் இறங்கி, கணுக்காலளவு ஓடும் தண்ணீரில் நடந்துபோய், இரண்டு குத்துக்கல்லுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். இடுப்பைச் சுற்றித் தண்ணீர் சலசலவென்று போயிற்று. டீச்சரம்மா, மூக்குக்கண்ணாடி போட்டவள், வெள்ளை வாயில் புடவையோடு கலிங்கில் உட்கார்ந்தால் யார்தான் என்ன செய்வார்கள்?

“இப்ப அடைங்க, பாக்கறேன்.”

காத்தமுத்து கையில் மண்கட்டியோடு சவரிராயனைப் பார்த்தான்.

“எந்திரி ராணி. ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும். யாரைன்னு பாத்துத் துப்பட்டும். கூடப் பொறந்தவனுக்கு முழுகிற எடத்த வித்தவர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

“வித்தேன், ஆமா வித்தேன். ஏரி தெரியணும், ஏரி தெரியணும்னு குதிச்சது யாரு? நானா? மேட்டுப் பக்கம் கொய்யாத் தோப்பு இருக்கு, அத வாங்கிக்கன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனே.”

“தண்ணி ஏறுமான்னு கேட்டேனா இல்லையா?”

“வழியறப்ப வந்து பாருன்னேன். வந்தே, பாத்தே. அதுல என்ன பொய்? அடைக்கிறதப் பத்தி நீ கேக்கவே இல்லியே!”

“தெரியாத விஷயத்த எப்படி மாமா கேப்பாங்க? கலிங்கு சர்க்காருதுதானே? அடைக்கிறதுக்கு உத்தரவு வச்சிருக்கீங்களா?”

“கலிங்கு சர்க்காருது. புல்லு எங்களுது” என்றார் சவரிராயன். இதற்குக் கரையில் நல்ல சிரிப்பு.

அழகர்சாமி என்ற குடியானவர் மட்டும் சிரிக்காமல் முன்னால் வந்தார். “அம்மா, உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா கதிர் பால் புடிக்கிற நேரம். இந்தத் தண்ணி நிக்காட்டி தையில நாங்க பதரத்தான் அறுக்கணும். ஒங்களுக்கு ஒரு வீடு. எங்களுக்கு வருஷத்துச் சோறு.”

நியாயமாகப் பேசுகிறவர்மீது எரிந்து விழ முடியவில்லையே என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“உங்களச் சொல்லலீங்க. தெரிஞ்சும் மறைச்சாரே, அவரக் கேக்கறேன். தெரியாத ஒருத்திக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“சொல்ல வேண்டிய ஆளு ஒன் வீட்டுக்குள்ளயே இருக்கான். அவன விட்டுட்டு என்னை ஏன் கேக்கற?” என்றார் சவரிராயன்.

அவள் அதைச் சட்டை செய்யவில்லை, வெயில் உச்சிக்கு ஏறும்வரை எழுந்திருக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரையின் கோடியில் பாக்கியநாதன் வருவது தெரிந்தது. ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையோடு, கையில் டிபன்கேரியரோடு, வேகமாக வந்துகொண்டிருந்தார். லூர்துராணிக்கு உடம்பில் தெம்பு ஊறியது. எப்படிப்பட்ட சாதுவாக இருந்தாலும் புருஷன் புருஷன்தானே? பெண்டாட்டி தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஊமைக்கும் வாய் வரும் என்று நினைத்தாள்.

“ஏங்க, சீக்கிரம் வாங்க! உங்க அண்ணன் பண்ற வேலையப் பாருங்க. இன்னைக்கு ஏரிய அடைச்சு நம்ம வீட்டுக்குள்ள விடப்போறாங்க. நீங்களே கேளுங்க.”

பாக்கியநாதன் வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். டிபன்கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எந்திரி ராணி. ஒடம்புக்கு ஆகாது” என்றார்.

“என் ஒடம்பு கெடக்கட்டும். அவரக் கேளுங்க!”

“கேளுடா தம்பி” என்றார் சவரிராயன். “இல்லன்னா நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. கலிங்கு அடைக்கிறது இன்னைக்கு நேத்து வழக்கமா? சின்னப் புள்ளையில இந்தப் புல்லுமண்ணச் செமந்து செமந்து தலையில புண்ணாகி, அம்மா மஞ்சப் பத்துப் போட்டாளே, அது ஒனக்கா, எனக்கா?”

லூர்துராணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“நெசமாங்க?”

அவர் டிபன்கேரியரின் பிடியைத் திருகினார்.

“தெரியுமா, தெரியாதா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க.”

“தெரியும்.”

“போன ஐப்பசியில என் பக்கத்துல நின்னீங்களே. என்ன சொல்றீங்கன்னு உங்களத்தானே கேட்டேன். அப்பவும் தெரியுமா?”

“அப்பவும் தெரியும்.”

“அடப் பாவி மனுஷா, ஏன் சொல்லல?”

“அண்ணன் பேசிக்கிட்டிருந்தாரு ராணி. நடுவுல எப்படிப் பேசறது?” பாக்கியநாதன் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தார். “அப்புறம், நம்ம வீடுன்னு ஒண்ணு வந்துட்டா, தம்பி வீடு முழுகட்டும்னு அண்ணன் விடமாட்டாரு, இனிமே அடைக்கவேண்டாம்னு சொல்லிடுவாருன்னு நெனச்சேன்.”

சவரிராயன் தொண்டை கிழியச் சிரித்தார். “கேட்டீங்களாய்யா! இவன் வீட்டுக்காக நான் ஊர் வயலக் காயப் போடணுமாம்!”

லூர்துராணிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு பற்றி எரிந்தது. மூத்தாரை வெறுப்பது சுலபம். விற்றார், ஏமாற்றினார், எப்போதுமே அப்படிப்பட்ட ஆள். அவரோடு நாள் முழுக்க இந்தத் தண்ணீரில் உட்கார்ந்து சண்டை போடலாம். ஆனால் அஸ்திவாரத்துக்கு ஜெபம் சொன்னபோது கூட நின்றவர், ஜன்னலுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று ராத்திரியெல்லாம் அவள் பேசப் பேச உம் கொட்டியவர், தெரிந்தே உம் கொட்டியிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம் ராணி என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் காதில் விழாமல்கூடச் சொல்லியிருக்கலாம்.

அவள் எழுந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் கொட்டியது. கரைக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அழகர்சாமி, உங்க கதிரு நல்லா வெளையட்டும்” என்றாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

“ராணி, கோவிச்சுக்காத. வா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்” என்றார் பாக்கியநாதன்.

“எந்த வீட்டுக்கு?”

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. பாக்கியநாதன் நாலடி பின்னால் போனார். அவள் திரும்பிப் பார்க்காமலே, “வராதீங்க. உங்க அண்ணன் வீட்டுல மத்தியானச் சாப்பாடு இருக்கும்” என்றாள். அவர் நின்றுவிட்டார்.

“வுடுடா. பஸ்ஸப் புடிச்சுப் பாலக்கரைக்குப் போயி நாலு நாள் அழுதா எல்லாம் சரியாயிடும்” என்றார் சவரிராயன். “காத்தமுத்து, ம், நடக்கட்டும்.”

வேலை மறுபடி நடந்தது. லூர்துராணி உட்கார்ந்திருந்த இடுக்குதான் கடைசி. சவரிராயன் ஒரு மண்கட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். “ஒன் கையால வையிடா. எத்தன வருஷமாச்சு!”

பாக்கியநாதன் வாங்கினார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், கை வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். வாங்கி, குனிந்து, புல் பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, குதிகாலால் மிதித்து இறுக்கினார். வழக்கம் மறக்கவில்லை அவருக்கு. கலிங்கில் வழிந்த தண்ணீர் நின்றது.

சவரிராயன் வீட்டில் இலை போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு. சகாயம்மாள் கொழுந்தனுக்கென்று எலும்பாகப் பார்த்துப் பரிமாறினாள். பாக்கியநாதன் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். வாசலில் அழகர்சாமி வந்து நின்றார்.

“என்ன அழகர்சாமி, சாப்புடறீங்களா?” என்றார் சவரிராயன்.

“சாப்பாடு கெடக்குதுங்க. அந்த டீச்சரம்மா பஸ் ஏறல.”

“பின்ன?”

“புது வீட்டுக்குள்ள போயிக் கதவத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. கூப்புட்டா ஒரு சத்தமும் இல்ல. ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். வெறுந்தரையில உக்காந்திருக்காங்க. தண்ணி நாவமரத்து வேருக்கு வந்துடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள வாசப்படியத் தொட்டுடும்.” அவர் பாக்கியநாதனைப் பார்த்துத்தான் சொன்னார். “நீங்க வந்து கூப்புட்டா தெறப்பாங்க.”

பாக்கியநாதனின் கை சோற்றில் அப்படியே நின்றது. எழுந்திருக்கப் போகிறவர்போல ஒரு முழங்காலை ஊன்றினார். அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

“உக்காருடா” என்றார் சவரிராயன். “கால் நனைஞ்சா தானா வெளிய வருவா. சகாயம், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.”

சகாயம்மாள் குழம்பை ஊற்றினாள். பாக்கியநாதன் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தார்.